கோவா வாங்கப் போன கதை

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிடிக்காவிட்டால் மரியாதை கெடாமல் திரும்பிவர ஒரு சாட்டு வேண்டும். பெரும்பாலும் கோயிலைச் சாட்டுவார்கள். மலைநாட்டில் எங்களுக்கு நேர்த்திக்கடன் எதுவும் இல்லாததால், மரக்கறி வாங்கப் போவதாக முடிவாயிற்று.

பெண் என் தம்பிக்கு. மலையில் வாத்தியார் வேலை கிடைத்துப் போனவன், மரக்கறிக்குப் பேர்போன ஒரு கிராமத்தில் அறை எடுத்துத் தங்கினான். கட்டினால் அடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவருக்குத் திருகோணமலைப் பக்கம் கிளிவெட்டியில் வயலும், வீட்டுக்குப் பின்னால் மிளகாய்த் தோட்டமும் இருந்தன. தோட்டம் செய்கிறவர் என்றால் எங்களிடையே நல்ல மதிப்பு. அந்தச் சொல்லோடு ஒரு காட்டையும் சேர்த்துத் 'தோட்டக்காட்டார்' என்றால், அது மலைநாட்டுத் தமிழரை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லும் பேர். பெரியப்பா அந்தச் சொல்லைப் பயணம் முழுக்க வெற்றிலை போலக் குதப்பிக்கொண்டே வந்தார்.

"ஒருக்காப் பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுவம், பிள்ளை. பாக்காமல் சொன்னால் அவன் கோவிப்பான்."

சண்டைக் காலம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, ஏறி, மறுபடி இறங்கினோம். பெரியப்பாவின் பட்டுச் சால்வை மட்டும் கசங்கவில்லை. மரக்கறி வாங்க எதற்குப் பட்டுச் சால்வை என்று கேட்டேன். முறைத்தார்.

மாப்பிள்ளை கூடப் போகாத வழக்கப்படி தம்பி பஸ் தரிப்பிடத்திலேயே நின்றுகொண்டான். பெண்ணின் அப்பா எங்களைக் கதிரையில் இருத்தினார். சரிவு முழுவதும் அவர் பயிரிட்ட, சிலர் முட்டைக்கோஸ் என்கிற கோவாவும் லீக்சும். பெண் தட்டத்தில் தேத்தண்ணியும் வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டு வந்தாள். பெரியப்பா அவளைப் பார்த்துக்கொண்டே கோவாவைப் பற்றிக் கதைத்தார்.

"கோவா திறம்தான். எங்கட பக்கத்து வெயிலுக்குத் தாங்குமோ?"

"நல்லா வளர்ந்ததுங்க. வைக்கிறவங்க ஒழுங்கா வச்சா எங்கயும் தாங்கும்," என்றார் அவர்.

பெரியப்பா என் பக்கம் சாய்ந்து ரகசியம் சொன்னார். வாழ்நாள் முழுக்க வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய மனிதரின் ரகசியம் அது. "பெட்டை வடிவுதான். எண்டாலும் தோட்டக்காட்டார் தோட்டக்காட்டார்தானே."

வீடு முழுவதும் கேட்டது. பெண்ணின் கையில் தட்டம் அப்படியே நின்றது. எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

நிலம் பிளக்கவில்லை. பொலிஸ் ஜீப் வந்தது. திருகோணமலை ஆட்கள் இரண்டு பேர் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பெரியப்பாவுக்குத் தெரிந்த சிங்களம், ஐயா என்று அர்த்தப்படும் 'மாத்தயா' மட்டும். பெண்ணின் அப்பாதான் மொழிபெயர்த்தார்.

"எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறாரு."

"மரக்கறி வாங்க."

அதிகாரி பட்டுச் சால்வையைப் பார்த்தார். தட்டத்தில் இருந்த வாழைப்பழத்தையும் வெற்றிலையையும் பார்த்தார். சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ஜீப்புல ஏறச் சொல்றாரு."

அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. பெரியப்பா அவசரமாக எழுந்ததில் தேத்தண்ணி சால்வையில் சிந்தியது. "ஐயா, சம்பந்தம் பேச வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ, ஐயா." அந்த வீட்டில் அவர் யாரையும் ஐயா என்றது அப்போதுதான்.

பெண்ணின் அப்பா எங்களைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள். பிறகு சிங்களத்தில் நிறையச் சொன்னார். சொல்லும்போது பெரியப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அதிகாரியின் முகம் இளகியது. ஒரு பழத்தை உரித்தபடி ஏதோ கேட்டார்.

"கல்யாணம் எப்பன்னு கேக்குறாரு."

"தை... தையில," என்றார் பெரியப்பா.

ஜீப் போய்விட்டது. பெரியப்பாவுக்கு உயிர் திரும்பியது, பெருந்தன்மையும் கூடவே வந்தது. "பிறகென்ன, சம்பந்தி. தையிலயே வைப்பம்."

"பொலிசுக்குச் சொன்னது பொலிசுக்குங்க," என்றாள் கதவடியில் நின்ற பெண். "ஒரு உசுரு போயிறக் கூடாதுன்னு சொன்னது. கல்யாணத்துக்கு நாங்க இன்னும் சம்மதம் சொல்லலையே. யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்."

அவளுடைய அப்பா எழுந்து போய் ஒரு சாக்கு நிறையக் கோவா கட்டிவந்தார். "இதுக்குத்தானே வந்தீங்க."

தரிப்பிடத்தில் தம்பி ஓடிவந்தான். யோசித்துச் சொல்வார்களாம் என்றேன்.

"அவையோ?" என்றான். "நாங்களெல்லோ சொல்ல வேணும்?"

பெரியப்பாமேல் இருந்த கோபம் எனக்கு இவன்மேலும் வந்தது. பாவமாகவும் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க ஏலாமல் பஸ்சில் ஏறினேன்.

திருகோணமலையில் இறங்கியபோது தெரிந்தவர் ஒருவர், சால்வைக் கறையையும் சாக்கையும் பார்த்து, எங்கே பயணம் என்று கேட்டார்.

"மரக்கறி வாங்கப் போனனாங்கள்," என்றார் பெரியப்பா.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.