அளவுக்காக நின்ற ஆள்

நாடகக் குழுவினர் அவரைப் படக்காரம்மா என்றே அழைத்தார்கள். மேடையின் பின்சுவரில் புரொஜெக்டர் வழியாக விழும் படங்களை உருவாக்குவது அவர் தொழில். நடிகர்களுக்குப் பின்னால் பெய்யும் மழை, எரியும் வீடு, மெல்ல விடியும் சன்னல் எல்லாம் அவர் கைவேலை. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் படுக்கை, மற்றொன்றில் கம்ப்யூட்டர். அழைப்பு மணி பழுதாகி நெடுநாளாகிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய அவசியம் நேரவில்லை.

ஒரு நாடகத்தை ஒப்புக்கொண்டதும் அளவு நாடாவோடு அரங்குக்குப் போவார். அகலம், ஆழம், சுவரின் உயரம் ஆகியவற்றை எடுத்து, அதே விகிதத்தில் கம்ப்யூட்டருக்குள் ஒரு மேடையை அமைப்பார். அதன்மீது தம் படங்களை ஓடவிட்டு, வீடியோவாக்கி, ஒத்திகைக்கு முன்பே குழுவுக்கு அனுப்பிவைப்பார். அரங்கை வாடகைக்கு எடுத்த பிறகு நின்று யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே விவாதங்கள் அனைத்தும் இந்த முன்னோட்டத்தை வைத்தே முடிந்துவிட வேண்டும்.

வெறும் மேடையைப் பார்த்தால் சுவர் எவ்வளவு பெரிது, கதவு எவ்வளவு உயரம் என்பது கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் முன்னோட்டத்தில் ஓர் ஆளை நிறுத்துவது தொழில் வழக்கம். அந்த ஆள் படத்தைச் சேர்ந்தவரல்ல, அளவுக்காக நிற்பவர். பெரும்பாலோர் சாம்பல் நிறப் பொம்மை உருவம் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். படக்காரம்மாவின் முன்னோட்டங்களில் நின்றவர் அவருடைய கணவர்.

மணமான புதிதில், ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவோடு அரங்குக்கு வந்த கணவரை மேடையில் நிறுத்திப் படமெடுத்தார். கேமராவைக் கண்டதும் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பி நிற்கச் சொல்ல வேண்டியதாயிற்று. தோள்பையின் பாரத்தால் ஒரு பக்கம் சற்றே இறங்கிய முதுகு. சில ஆண்டுகளில் சண்டை சச்சரவின்றியே இருவரும் பிரிந்தார்கள். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். முதுகு மட்டும் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. அரண்மனையிலும் ஆஸ்பத்திரியிலும் நடுக்கடலிலும் அது நின்றது. மேடைக்கான இறுதிப் படத்தைத் தயாரிக்கும்போது அதை எடுத்துவிடுவார். “உயரம் தெரிஞ்ச ஆளு, வேலைக்கு வசதி” என்பது கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில்.

அந்த ஆண்டு, விற்கப்படும் ஒரு வீட்டைப் பற்றிய நாடகம் வந்தது. இயக்குநர் இளைஞர், புரொஜெக்டர் வைத்து நாடகம் போடுவது அவருக்கு அதுவே முதல் முறை. கடைசிக் காட்சியில் நாயகி காலி அறையில் தனியாகப் பேச வேண்டும். படக்காரம்மா அறையை வரைந்து, மாலை வெயில் தரையில் நகரும்படி அமைத்து, வழக்கம்போல் சன்னலோரம் அந்த முதுகை நிறுத்தி அனுப்பினார்.

“அக்கா, பஸ்ல வர்றப்பவே பாத்துட்டேன்” என்று இயக்குநர் போன் செய்தார்.

“போன்லயா? பெரிய திரையில பாருங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே தம்பி.”

“பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பாத்தாருக்கா. அந்த ஆளு எப்ப திரும்புவாருன்னு அவரே கேட்டாரு. அத மட்டும் தொட்டுடாதீங்க.”

“எத?”

“சன்னல்கிட்ட நிக்கறவர. அவர்தான் சீனே.”

“அது அளவுக்கு நிறுத்தின ஆளு. எடுத்துடுவேன்.”

“எடுத்துட்டா அவங்க செவுத்தோடவா பேசுவாங்க? ஹீரோயினுக்கும் அனுப்பிட்டேன். காலையிலேருந்து அந்த முதுகப் பாத்துதான் வசனம் சொல்லிப் பழகறாங்க.”

மறுநாள் ஒத்திகைக்குப் போன படக்காரம்மா அதை நேரில் பார்த்தார். நடிகை நன்றாகவே செய்தார். குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒருமுறை பார்வையாளர் முன் நின்றுவிட்டால் அந்த உருவம் இந்த நாடகத்தின் பாத்திரமாகிவிடும். அடுத்த வேலையில் அதை அளவுக்காக நிறுத்த முடியாது. அவருடைய அறையில் அவரோடு இருந்ததோ அது ஒன்றுதான்.

மாற்றாக, விளக்குகளைக் கவனிப்பவரை மேடையில் திருப்பி நிறுத்திப் படமெடுத்தார்.

“முதுகுக்காக என்னைத் தேடி வந்த மொத ஆளு நீங்கதாம்மா” என்றார் அவர். “சட்டைய இஸ்திரி போட்டுட்டு வந்திருப்பேன்.”

இயக்குநர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையசைத்தார். “இவரு கரண்ட் பில் கட்ட வரிசையில நிக்கற மாதிரி இருக்காருக்கா. அவரையே போடுங்க.”

படத்தில் இருப்பவரைக் கேட்காமல் போடுவது முறையல்ல என்று படக்காரம்மா சொன்னார். அவர் மறுத்துவிடுவார் என்றும், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்றும் மனத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், பிரிந்துபோன கணவரின் எண்ணை அழைத்தார்.

“நான்தான் பேசறேன்.”

“நான்தான்னா? ஓ, நீயா. சொல்லு. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு போட்டோ விஷயம். மேடையில நின்னீங்களே, அத ஒரு நாடகத்துல போடணும்ங்கறாங்க.”

“நான் எப்ப மேடையில நின்னேன்?”

“சாப்பாடு கொண்டு வந்தீங்க. திரும்பி நிக்கச் சொன்னேன்.”

“சாப்பாடா? நானா?” என்று சிரித்தார். “சத்தியமா ஞாபகமில்ல. முதுகுதானே, முதுகப் பாத்து எவன் கண்டுபிடிக்கப் போறான். தாராளமா போட்டுக்கோ. வாசல்ல யாரோ வந்திருக்காங்க, வெச்சுடவா?”

“வெச்சுடுங்க.”

படக்காரம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். முன்னோட்டத்துக்கு மட்டுமான அளவு அடுக்கிலிருந்து அந்த உருவத்தை எடுத்து, மேடைக்குப் போகும் படத்தின் அடுக்கில் சேர்த்தார். சன்னல் வெயில் தோளில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக நிழலை மூன்று முறை திருத்தினார்.

நாடகம் நன்றாக ஓடியது. கடைசிக் காட்சியில் அரங்கில் இருமல்கூடக் கேட்காது. ஒவ்வொரு நாளும் புரொஜெக்டர் அறையிலிருந்து அந்த முதுகை மேடைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியவர் அவரே. பின்னர் குழு வேறு ஊர்களுக்குப் புறப்பட்டது. கோப்பு அவர்களோடு போயிற்று.

அடுத்த வேலை, முன்பே அவரோடு பணியாற்றிய ஒரு மூத்த இயக்குநருடையது. முன்னோட்டம் போய்ச் சேர்ந்த அன்றே அழைப்பு வந்தது.

“என்னம்மா, மேடை எவ்வளவு பெருசுன்னே தெரியலியே. எப்பவும் ஒருத்தர் நிப்பாரே, அவரு எங்க?”

“அவரு இப்ப வேற நாடகத்துல இருக்காருங்க” என்றார் படக்காரம்மா. “உங்களுக்கு ஒரு பொம்மைய நிறுத்தி அனுப்பறேன்.”