பல் டாக்டரிடம் வந்த பவழம்

என் கணவரின் பவழம் சாகத் தொடங்கியது ஒரு கல்யாணத்தால். அச்சரப்பாக்கத்தில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம்; சித்திரை வெயிலில் இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். நடுவில் கரண்ட் போய் வந்ததில், ஹாலில் அவர் வைத்திருக்கும் கடல்மீன் தொட்டியின் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது மீன்கள் பிழைத்திருந்தன. கட்டைவிரல் அளவிலிருந்து நான்கு வருடமாக அவர் வளர்த்த கிளைப்பவழம் மட்டும் அடிப்பக்கம் சதை உரிந்து எலும்பாக வெளுத்திருந்தது.

அவருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பார். வெள்ளை தினமும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். நான்காம் நாள் சொன்னார்.

"நல்லா இருக்கற நுனியை மட்டும் வெட்டி வேற கல்லுல ஒட்டினா பிழைக்கும். கட்டிங் பிளேயர் வச்சா நொறுங்கிடும். உன்கிட்ட பல் அறுக்கற வைரத் தகடு இருக்கில்ல?"

நான் பல் மருத்துவர். செங்கல்பட்டில் சின்ன கிளினிக். அந்தத் தொட்டியைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஹாலில் சோபா போட இடமில்லாமல் செய்ததே அதுதான். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ஆட்டோவில் மடியில் பக்கெட்டோடு வந்தார். என் உதவியாளர் சதுரங்கப்பட்டினத்துக்காரி, பக்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டாக்டர், கடக்கர வாசன அடிக்குது. உசுரு கீதா இதுக்கு?"

"பாதிக்கு இருக்கு."

"அப்ப இரு, கிளவுஸ் போட்டுக்கினு வரேன்."

பழைய கருவி ஒன்றில் வட்டத் தகட்டைப் பொருத்தினேன். ஈறு இறங்கிய பல்லைப் பார்ப்பதுபோல், உயிர் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு விரல் மேலே அறுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், கூட வந்தவங்க வெளிய குந்தணும்" என்றாள் உதவியாளர். அவரும் போய் உட்கார்ந்தார்.

ஏழு நுனிகள் தேறின. மருந்துத் தண்ணீரில் முக்கி, சின்னக் கற்களில் பசை வைத்து ஒட்டினோம்; அவர் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். ஒரே வாரத்தில் மூன்று வெளுத்துப் போயின. ஒன்றைத் தொட்டியில் இருந்த நத்தை தள்ளிவிட்டதில் பாறைக்குப் பின்னால் விழுந்து தொலைந்தது. மீதி மூன்றும் ஒரு மாதம் அப்படியே இருந்தன. பிறகு பசைமேல் மெல்லிய சதை படர ஆரம்பித்தது.

பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. கிளினிக்கிலிருந்து, பல்லின் பின்பக்கம் பார்க்கும் வாய்க்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டிக்குள் கையை விடப் போனேன்.

"கையைக் கழுவினியா?" என்றார். எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை.

கழுவிவிட்டு வந்து பார்த்தேன். பின்பக்கமும் படர்ந்திருந்தது.