மண்ணிறக் காடு

1996 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு வாளி தண்ணீர் அள்ளிக் குளித்தேன். வானொலிச் செய்தியை முழுதும் கேட்டேன். ஏழு ஐந்துக்குச் சைக்கிளில் புறப்பட்டு, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஏழு நாற்பதுக்குத் துறைமுகப் பண்டசாலையில் கையெழுத்திட்டேன். பதினொன்றுக்கு அரைநாள் லீவில் வெளியேறினேன்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் அத்துடன் நிற்கிறது. மீதியை எழுத அன்று என்னால் முடியவில்லை.

என் ஒரே மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். சண்டைக் காலத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசான காரியமல்ல. ஆனால் நிறம் பார்க்கும் சோதனையில் அவள் தவறிவிட்டாள் என்று கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு கண் வைத்தியரின் சான்றிதழைக் கொடுத்தால் இடம் பறிபோகாது. அவசரப்பட்டுப் பார்த்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆறுதலாப் பார்த்துச் சொல்லு, பிள்ளை. உனக்கு எப்பவும் கவனயீனம்," என்று வைத்தியரிடம் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

வைத்தியர் வண்ணப் புள்ளிகளால் ஆன படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். புள்ளிகளுக்குள் இருக்கும் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். மகள் முதல் படத்துக்குப் பதில் சொன்னாள். அடுத்த படங்களில் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

"டொக்டர், புத்தகம் பழசுபோல. எல்லாம் மங்கிப்போச்சு," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, நீங்கள் இந்தக் கதிரையில ஒருக்கா இருங்கோ."

இருந்தேன். பன்னிரண்டு படங்களில் ஒன்றில் மட்டுமே எனக்கு இலக்கம் தெரிந்தது. மற்றவற்றில் இருந்தவை வெறும் புள்ளிகள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு நிறக்குருடு லேசில வராது," என்றார் வைத்தியர். "ஆம்பிளைக்கு நிறம் காட்டுற கூறு ஒண்டுதான், தாயிட்டயிருந்து வாறது. அது பழுதெண்டால் பழுதுதான். பொம்பிளைக்கு ரெண்டு. ஒண்டு நல்லா இருந்தாலே தப்பியிடுவா. உங்கட மகளுக்கு ரெண்டும் பழுது. நீங்கள் குடுத்தது ஒண்டு, தாய் குடுத்தது ஒண்டு. ஆரைக் கலியாணம் கட்டினனீங்கள்?"

"மாமாவின்ர மகளை. அம்மாவின்ர தம்பியின்ர மகள்."

அவர் பேனையை வைத்துவிட்டார். அம்மாவும் மாமாவும் ஒரே தாயிடமிருந்து பெற்றதை, நான் அம்மா வழியாகவும் என் மனைவி மாமா வழியாகவும் வாங்கி, மகளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். அம்மாவுக்கும் மனைவிக்கும் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் சுமந்து வந்தவர்கள் மட்டுமே.

சான்றிதழ் கேட்டேன். "ஏலாது, ஐயா. நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லுற வேலை. பிழைவிட்டால் இன்னொருத்தற்ற உயிர் போயிடும்."

திரும்பும்போது சாவடியில் அடையாள அட்டைக்குப் பதிலாக லீவுத் துண்டை நீட்டினேன். மகள்தான் என் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஐம்பது வயதுவரை என் கண் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட மனைவி குசினி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கட அப்பா காய்த் தக்காளியைப் பழமெண்டு வாங்கியருவார். கடைக்காரன் ஏமாத்திப்போட்டானெண்டு அம்மா சந்திவரைக்கும் போய்ச் சண்டை பிடிப்பா," என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

விளக்கு வைத்த நேரம் மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஏழாம் வகுப்பில நான் இலங்கைப் படம் கீறினது ஞாபகமிருக்கோ? காட்டுக்கு மண்ணிறம் அடிச்சனெண்டு ரீச்சர் எழுதிவிட்டவா."

"ஓம்."

"அதுக்கு நீங்கள் கோடு கீறுற அடிமட்டத்தால அடிச்சனீங்கள். அந்தப் படத்தில உங்களுக்குப் பிழை தெரிஞ்சதோ?"

அந்தப் படத்தை விளக்கடியில் பிடித்து இரண்டு தரம் பார்த்தவன் நான். கோடுகள் சரியாக இருந்தன. காடு காடாகத்தான் தெரிந்தது. ரீச்சரின் குறிப்பை நம்பி அவளுடைய உள்ளங்கையில் நான்கு அடி போட்டேன். வீட்டில் அவளைப்போலவே பார்த்த ஒரே ஆள் நான்தான்.

"பிறகேன் அடிச்சனீங்கள்?" என்றாள். நான் எழுந்து வெளியே போனேன்.

மறுநாள் புதன்கிழமை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றடிக்குப் போகவில்லை. அவள் படுத்திருந்த அறைக்குப் போனேன். விழித்துத்தான் கிடந்தாள்.

"எனக்கும் பிழை தெரியேல்லை, பிள்ளை. தெரியேல்லையெண்டு சொல்ல வெட்கமாயிருந்தது. அதுக்குத்தான் அடிச்சனான்," என்றேன்.