எட்டு விநாடி இடைவெளி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஜெனிஃபா இன்றைக்கும் ஆம்பூரில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ரகம். அவளுக்குத்தான் இது நடந்தது.

2006, ஆகஸ்ட் 20. ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

கோதண்டபாணி சார் ஆம்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். நாடகப் பைத்தியம். மேடையில் பாதிப் பேர், திரையில் பாதிப் பேர் என்று புதுமாதிரி நாடகம் போடுவார். திரையில் வருகிறவரை முன்பே வீடியோ எடுத்துவிடுவார்கள். எதிராளி பேசுவதற்காக அவர் நடுநடுவே எட்டு விநாடி சும்மா நிற்பார். மேடையில் இருப்பவர் அந்த எட்டு விநாடிக்குள் தன் வசனத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சபையில் மானம் போய்விடும்.

அன்று மாலை ஆறரைக்கு நாடகம். தோல் கம்பெனிக் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்துப்போன ஒருவன், பெண்டாட்டியிடம் திரும்பி வந்து பேசுகிற கதை. பெண்டாட்டியாக மேடையில் ஜெனிஃபா. திரையில் வருகிற புருஷன், அவளுடைய சொந்தப் புருஷன் ஜோஸ். அவனுக்கு உண்மையிலேயே தோல் கம்பெனியில்தான் வேலை.

அன்று கம்பெனியில் தொட்டி சுத்தம் செய்ய ஆள் போதவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஜோஸுக்குப் போக மனமில்லை. ஜெனிஃபாதான் கிளப்பி அனுப்பினாள்.

“நீங்கதான் வீடியோல இருக்கீங்களே. ஒத்திகைக்கு நீங்க எதுக்கு? போய்ட்டு வாங்க.”

திரையில் இருப்பவனுக்கு ஒத்திகை கிடையாது என்பது அந்தக் குழுவில் வழக்கம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூட ஹால். ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். உள்ளே அவளும் கோதண்டபாணியும் மட்டும்.

மணி 3:07.

திரையில் வெள்ளைச் சட்டையோடு ஜோஸ் நின்றான். ஜெனிஃபா அழுதுகொண்டே வசனம் சொன்னாள்.

“என்னை இப்படி விட்டுட்டுப் போய்ட்டீங்களே!”

எட்டு விநாடி முடிந்தது. ஜோஸ் பேசவில்லை.

ஒன்பது... பத்து... பதினான்கு...

“சார், நின்னுடுச்சா?”

“இல்லம்மா... ஓடுது.”

முதலில் நாற்றம் வந்தது. ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் நாற்றம் உறைக்காது. இது வேறு. அழுகிய முட்டை நாற்றம்.

பிறகு அந்தச் சட்டை. கீழிருந்து கறுத்துக்கொண்டே ஏறியது. இடுப்பு... மார்பு... கழுத்து...

க்ர்ர்... க்ர்ர்...

ஸ்பீக்கரில், சேற்றுக்குள் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம்.

அவள் ஓரமாக நகர்ந்தாள். ஜோஸின் கண்ணும் நகர்ந்தது.

“ஜெனி...”

நாடகத்தில் அவள் பெயர் மரியாள்.

“ஜெனி... கயிறு...”

திரை இருண்டது.

3:09.

கோதண்டபாணியின் செல்போனைப் பிடுங்கினாள். இரண்டு முறை நம்பர் தப்பியது. 3:16க்கு லைன் கிடைத்தது. கம்பெனி வாட்ச்மேன் ரஷீத் அஹமது எடுத்தார்.

“பாய், அவரு இன்னா பண்றாரு?”

“ஜோஸா? தோ, தொட்டிகிட்ட ஒக்காந்து டீ குடிக்கிறாரு. கூப்பிடட்டா?”

ஜெனிஃபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமாகவும் இருந்தது. உயிரோடு டீ குடிக்கிறவன் பேயாக வருவானா? தன்னை நினைத்து வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

“வேணாம் பாய். சும்மாதான் கேட்டேன். இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க.”

வீடியோவை மறுபடி ஓட்டினார்கள். வெள்ளைச் சட்டை. சரியாக எட்டு விநாடி. ஒரு சொல் பிசகவில்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்றார் கோதண்டபாணி. அவளும் சரி என்றாள்.

4:20க்குச் செல்போன் அடித்தது.

ஜோஸ் தொட்டிக்குள் இறங்கியது 3:25க்கு. விஷவாயு. இடுப்பில் கயிறு கட்டாமல் இறக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் 3:07க்குத் திரையில் வந்தது யார்? எனக்குத் தெரியாது. அந்த வீடியோவைப் பிறகு பலர் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை. நாடகக் குழு அன்றோடு கலைந்தது.

மூன்றாம் நாள் ரஷீத் அஹமது வீட்டுக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மூணு மணிக்கே எறங்க வேண்டியதும்மா. மூடியத் தொறந்தாரு... அப்படியே நின்னுட்டாரு. உள்ள ஜெனி அழுவுற சத்தம் கேக்குதுன்னாரு. எறங்கவே மாட்டேன்னுட்டாரு. டீ குடுத்து ஒக்கார வெச்சோம். அப்பதான் உங்க போன் வந்துச்சு.”

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க சிரிச்சீங்களே... அதைப் போய் அவர்கிட்ட சொன்னேன். அப்புறம்தாம்மா எறங்கினாரு.”