‘பாக்கலாங்க’வுக்குக் கட்டம் இல்லை

தொழில் தொடங்கக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களின் உண்மையான வேலை, அடுத்தவர் வாசலில் காத்து நிற்பதுதான். கல்லூரியின் கடைசி வருடத்தில், ‘ஒரு ஸ்டார்ட்அப்பில் நான்கு மாதம் இருந்து பழகி வாருங்கள்’ என்று அனுப்பப்பட்ட எல்லோருக்கும் இது தெரியும். நீங்களும் அப்படி நின்றவர் என்றால் மேற்கொண்டு படியுங்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை, துணைக்கு ஆள் இருக்கிறது என்றாவது தெரியும்.

எந்தக் கம்பெனி?

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற உருப்படியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே. வீட்டுக்கு வந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். ‘எனக்கு வேலை கிடைத்ததும் நீ நிற்க வேண்டாம்’ என்று முதல் வருடத்திலேயே சொல்லிவிட்டேன். நான் அதை மறந்திருந்தாலும் அம்மா மறக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்குப் போகிறேன் என்று சொன்னபோது அம்மாவின் முகம் மாறியது. இந்த ஊரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி, வேறு அர்த்தம் கிடையாது. ஸ்டார்ட்அப், செயலி, தொழில்முனைவு என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டார். எங்களைப் போலவே கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “கம்பெனிக்குப் போறதுக்கா மூணு வருசம் காலேஜுக்கு அனுப்புன?”

இரண்டு கட்டங்கள்

ஸ்டார்ட்அப் என்பது கதிர் அண்ணன்தான். பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஒரு செயலி செய்திருந்தார். பத்துப் பதினைந்து தையல் மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னக் கூடத்தை இங்கே பவர் டேபிள் என்பார்கள். எந்தப் பவர் டேபிளில் இன்று மிஷின் சும்மா இருக்கிறது என்று செயலி காட்டும். ஆர்டர் வைத்திருப்பவர் பார்த்து அங்கே துணியை அனுப்பலாம். முப்பது பவர் டேபிள் ஓனர்கள் சேர்ந்தால் செயலியைத் திறந்துவிடலாம், எனக்கும் என் வகுப்புத் தோழி நஸ்ரினுக்கும் நிரந்தர வேலை என்றார். எங்கள் போனில் ஒரு படிவம் ஏற்றிக் கொடுத்தார். ‘சேர விருப்பமா?’ என்ற கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

முதல் ஓனர் எங்களை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மிஷின் சத்தத்துக்கு நடுவே கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “நல்லாத்தானுங்க இருக்குது. பாக்கலாங்க அம்மிணி” என்றார். வெளியே வந்து போனை எடுத்தேன். எதைத் தொடுவது? இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆம் என்பதைத் தொட்டேன். நஸ்ரின் இந்த ஊர்க்காரி. அவள் அத்தாவுக்குத் துணி வியாபாரம். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “எங்க அக்காவப் பாத்துட்டு ‘பாக்கலாங்க’ன்னு போன மாப்பிள்ளை வீடு, ரெண்டு வருஷமா இன்னும் பாத்துட்டேதான் இருக்குது.”

ஒரே ஒரு ‘இல்லை’

அனுப்பர்பாளையத்தில் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. டெய்லர் வராததால் தானே மிஷினில் உட்கார்ந்து கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு. நான் பாதி சொல்வதற்குள் “வேண்டாம் தாயி” என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“மிஷினு சும்மா கிடக்குன்னு நானே ஊருக்குச் சொன்னா, துணி கொண்டு வாரவன் ரேட்டக் குறைச்சுல்ல கேப்பான்? ஆள் வாரது தெரிஞ்சா வெறும் மிஷின ஓட விட்டுக் காட்டுற ஊரு இது” என்றார். அதுவரை என் படிவத்தில் இருபத்து நான்கு ஆம். அந்த இருபத்து நான்கு பேரும் டீ கொடுத்து மறைத்ததை இவர் டீ கொடுக்காமல் சொல்லிவிட்டார் என்று அங்கேயே புரிந்துவிட்டது. புரிந்தும் அவர் மேல்தான் கோபம் வந்தது. இல்லை என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பினேன். அவர் நிமிராமலே சொன்னார்: “கோவிச்சுக்கிடாத தாயி, உனக்கும் நேரம் மிச்சம், எனக்கும் மிச்சம்.”

முப்பத்தொன்று

கடைசியில் முப்பத்தொரு ஆம் சேர்ந்தது. கதிர் அண்ணன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். பெங்களூர் வேலைக்கு ராஜினாமாக் கடிதம், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. “அனுப்பிரட்டுமா?” என்றார். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். எனக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. “அனுப்புங்கண்ணா” என்றேன். இதை யாரும் என்னிடம் இதுவரை கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

செயலியைத் திறந்த முதல் வாரம் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் நஸ்ரினின் மாமா, அவரிடம் மிஷினே கிடையாது. இன்னொருவர் கைதவறித் தொட்டுவிட்டதாகச் சொன்னார். மற்றவர்களுக்குக் கதிர் அண்ணன் வரிசையாகப் போன் செய்தார். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள், சாப்பிட்டாச்சுங்களா என்று விசாரித்தார்கள், பாக்கலாங்க என்றார்கள். பத்தாவது போன் முடிந்ததும் நான் சொல்லிவிட்டேன்: முதலிலிருந்தே அவர்கள் அதைத்தான் சொன்னார்கள், ஆம் என்று போட்டது நான். அவர் திட்டுவார் என்று நின்றேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நானும் பல்லடத்துக்காரன்தானே கண்ணு. முப்பத்தியொரு பேரு இழுக்காம ஆமான்னாங்கன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்.”

வேன்

கடைசி நாள் சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போனோம். கதிர் அண்ணன் வேறு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டேன், “அண்ணா, எங்க வேலை விஷயம்...” அவர் எழுந்து போய் எங்களுக்கு டீ சொல்லிவிட்டு வந்தார். அப்போதே தெரிந்துவிட்டது. “பாக்கலாங்க” என்றார். நான்கு மாதமாக என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர், அன்றைக்கு ‘ங்க’ போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையை அப்படியே சொன்னேன். பதினைந்து வருடமாக இந்த ஊரில் நிற்கிறவள், விளக்கம் கேட்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: “காலைல கம்பெனி வேன்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கான்னு டிரைவர்ட்ட கேட்டு வைக்கேன்.”

கல்லூரியில் கடைசியாகக் கொடுத்த படிவத்தில் ‘தொழில்முனைவு கற்றுக்கொண்டீர்களா?’ என்ற கேள்விக்கு எதிரிலும் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருந்ததால், இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் ‘பாக்கலாங்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.