இருமல் நின்ற சாயங்காலம்

வெள்ளிக்கிழமை கடைக்குக் கடை சாம்பிராணி போட வருகிறவர் பக்கத்துக் கடையில் நிற்கும்போதே நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். அந்த வாசனை எப்போதும் என்னை நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறது.

தங்கச்சி செல்விக்கு அப்போது மூன்று வயசு. சளி பிடித்த மறுநாள் அவள் இருமல் நாய் குரைப்பதுபோல் மாறியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குள் விசில் சத்தம் கேட்டது. குளிர்காற்று படக்கூடாதென்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துப் புகை காட்டினாள். சளி என்றால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அம்மா முகம் தெளிந்தது.

வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே கேட்டார். "என்ன, பிள்ள சத்தத்தையே காணோம்?"

"இப்பத்தான் இருமல் நின்னுச்சு. மெதுவா வாங்க, செத்த நேரம் தூங்கட்டும்."

அப்பா செருப்பை ஓசையில்லாமல் கழற்றினார். நான் டிவியை அணைத்தேன். அவள் முழித்துவிடக் கூடாதென்று மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். ராத்திரி சாப்பிட எழுப்பியபோது அவள் எழவில்லை.

"மூச்சுக்குழாய் வீங்கி அடைச்சிருக்கு. சத்தம் குறைஞ்சப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். என் மகன் அயர்ந்து தூங்கினால் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் உள்ளங்காலைக் கிள்ளுவாள். அவன் வீறிட்டு அழுத பிறகுதான் எழுந்து வருவாள்.