இரண்டாவது பிளக்

காலை ஆறேகாலுக்கு அல்லிநகரம் லேத் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, வைஸில் இறுக்கப்பட்டிருந்த என் தம்பியின் பைக் எஞ்சின் ஹெட்.

அந்த வண்டியில்தான் அவன் குமுளியில் ஒரு கடைக்கு முருங்கைக்காய் கொண்டுபோவான். மலை ஏறும்போது வண்டி திணறி, அடிக்கடி தாமதமானது. இனியும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஹெட்டில் துளையிட்டு இன்னொரு ஸ்பார்க் பிளக் வைத்தால் இழுவை கூடும் என்று தம்பி நம்பினான்.

"வால்வு பக்கம் கனமே இல்லப்பா. அங்கன ஓட்டை போட்டா விரிசல் விட்டிரும்," என்றார் லேத்காரர்.

"கம்பெனிக்காரன் ரெண்டு பிளக் வச்சு விக்கிறான்லண்ணே. நம்ம வண்டிக்குக் காது குத்துனா மட்டும் வலிக்குமாக்கும்?" என்றான் பக்கத்தில் நின்ற தம்பி.

அவர் சிரிக்கவில்லை. துளையிட்டு, பிளக்கைத் திருகிப் பொருத்த மரை வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் லோயர் கேம்ப் தாண்டி, மலைப்பாதையிலிருந்து தம்பி போன் செய்தான். "புதுப் பிளக் அடியில புகையுதுண்ணே. கிக்கர மிதிச்சா அது வழியா காத்துதான் வருது."

விரிசல்தான். நான் ஒரு வேன் பிடித்துப் போய், காய்களை ஏற்றிக்கொண்டு அவனோடு குமுளி சேர்ந்தபோது மணி பதினொன்று. கடை வாசலில் வேறொருவர் கொண்டுவந்த முருங்கைக்காய் அடுக்கப்பட்டிருந்தது.